கவர் பிரிக்காத வீடு

செஞ்சி
10.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நவீன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் நைனாவும் சுகம். ஏற்காட்டுக் குளிரில் உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது?

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன் என்று ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிவித்தார். அன்றிலிருந்து ஈஸ்டர் பாஸ்கா வரை உங்கள் கன்னியர் மடத்தில் கடிதம் கிடையாதே, அதனால்தான் இந்த அவசரம். போன் எப்போதுமே கிடையாது, தவக்காலத்தில் கடிதமும் கிடையாது. ஜெயிலில்கூட வாரம் ஒரு போன் உண்டாம். கோபித்துக்கொள்ளாதே.

போன வருஷம் எழுதியிருந்தேனே, நாட்டுக்கோழி முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கும் மிஷின். நீ ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்த்தபோது விளையாட்டாக வாங்கி, மடத்துக்குப் போகும்போது டிராயரிலேயே விட்டுப்போன அந்தச் சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டர் போர்டுதான் அதற்கு மூளை. உள்ளே சூடு குறைந்தால் பல்பைப் போடும், ஏறினால் அணைக்கும். இருபத்தொரு நாள் முப்பத்தேழரை டிகிரியைப் பிசகாமல் பிடித்தால் குஞ்சு.

முட்டைக்குச் சூடு வேண்டும், போர்டுக்குச் சூடு ஆகாது. சிமென்ட் ஷீட் கொட்டகை வேறு, பின்னால் மலைப்பாறை வேறு. போன மே மாதம் மத்தியானமானால் போர்டு எண்பது தாண்டி மந்தமாகிவிட்டது. இந்த வருஷம் போர்டை உள்ளே வைக்க ஒரு நல்ல கேஸ் வாங்கிப் போட வேண்டும். மூன்று விதம் பார்த்தேன். ஒன்று, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டி, மேலே குட்டி ஃபேன், கலர் லைட்டும் எரியும். இரண்டு, முழுக்க அலுமினியம், ஃபேனே கிடையாது. மூன்று, சாதா பிளாஸ்டிக், விலை மலிவு. எது?

உன் பீரோ அப்படியேதான் இருக்கிறது, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கோடு. மேலே என் ஹெல்மெட்டை வைக்கக்கூட நைனா விடுவதில்லை.

தம்பி,
நவீன்

ஏற்காடு
19.02.2025

அன்புத் தம்பி நவீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூக்கடைப்பு என்னைவிட்டுப் போகவில்லை, நானும் அதைவிட்டுப் போகவில்லை. மற்றபடி சுகம்.

அலுமினியம். யோசிக்கவே வேண்டாம். கோழிக் கொட்டகையில் தவிடு, தூசி, குஞ்சுகளின் பூமயிர் எல்லாம் பறக்கும். குட்டி ஃபேன் அதையெல்லாம் உள்ளே இழுத்து ஒரு மாதத்தில் நின்றுவிடும். அது நின்றால் உனக்குத் தெரியவும் தெரியாது. அலுமினியக் கேஸில் ஓடுகிற பாகம் எதுவும் இல்லை. போர்டின் சிப் மேல் உட்காருகிற மாதிரி உள்ளே ஒரு மேடு இருக்கும். சூட்டை அது வாங்கி உடம்பு முழுக்கப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும்.

இரண்டு விஷயம் கவனி. என் போர்டு பழைய மாடல். புதுசுக்குச் செய்த கேஸ் பொருந்தாது, ஓட்டைகள் மாறியிருக்கும். அப்புறம், சென்சார் ஒயர் வெளியே வர பக்கவாட்டில் இடம் இருக்கிறதா பார். மாட்டும்போது ஷீட்டுக்குக் கீழே உச்சியில் மாட்டாதே, சுவரின் கீழ்ப்பாதியில் மாட்டு. போர்டு நின்றுபோனால் பல்பு தானே அணைகிற மாதிரி தனியாக ஒரு கட்-ஆஃப் வை. இதைப் போன வருஷமே எழுதினேன்.

இனி என் விஷயம். ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாளன்று எனக்கு நிரந்தர வார்த்தைப்பாடு. அந்தத் துறவற உறுதிமொழிக்குப் பிறகு சாகும்வரை இதுதான் என் வீடு. அன்று மட்டும் குடும்பத்தார் கோயில் முன் வரிசையில் உட்காரலாம். நைனா ஏழு வருஷத்தில் ஒரு முறைகூட இங்கே வந்ததில்லை, ஒரு வரி எழுதியதும் இல்லை. அவர் மனமில்லாமல் இருக்கும்போது அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்புமா தெரியவில்லை. அவர் வருவாரா? கேட்டு எழுது.

அக்கா,
அமுதா

செஞ்சி
02.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். யாவரும் என்றால் இரண்டு பேரும் பதினெட்டுக் கோழியும்.

ஒரு தப்பு செய்துவிட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபேன் வைத்த கேஸைத்தான் வாங்கினேன். அலுமினியத்தை நைனாவிடம் போனில் படம் காட்டினேன். "ஃபேனு இல்லாம இன்னாத்த குளிரும்டா? இரும்புப் பொட்டிய வெயில்ல வெச்சா தோசக்கல்லு தான்" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. நீ சொன்னதைவிடப் பக்கத்தில் இருப்பவர் சொன்னது காதில் ஏறிவிட்டது.

லைட்டு நன்றாகத்தான் எரிகிறது. போர்டு ஐம்பத்தெட்டு டிகிரியில் இருப்பதாகப் போனில் காட்டுகிறது. பதினைந்தாம் தேதி இருநூறு முட்டை வைக்கப் போகிறோம்.

நைனா நன்றாக இருக்கிறார். முட்டிவலிக்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறார்.

தம்பி,
நவீன்

செஞ்சி
04.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இது உன் கைக்குப் பாஸ்கா கழித்துத்தான் வரும் என்று தெரியும். ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றோடு இருபதாம் நாள். ஒரு முட்டைகூட உயிரோடு இல்லை. போன வாரம் நான் முட்டை எடுக்க அவலூர்பேட்டை போயிருந்த ஒரு மத்தியானம் ஃபேன் நின்றிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் இறக்கைக்குள் பஞ்சுத் திரி மாதிரி பூமயிர் சுற்றியிருந்தது. போர்டு சூடேறி அசைவில்லாமல் நின்றுவிட்டது. அது நின்றபோது பல்பு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தபடியே இருந்துவிட்டது. நான் வந்து பார்த்தபோது உள்ளே நாற்பத்திரண்டு. கட்-ஆஃப் நான் வைக்கவில்லை. நாளைக்கு வைக்கலாம் என்று நாலு வாரம் போய்விட்டது.

குழி தோண்டி இருநூறையும் புதைத்தோம். நைனா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபேனில் லைட்டு மட்டும் கடைசிவரை எரிந்துகொண்டிருந்தது, அக்கா. அதைப் பிடுங்கித் தூர எறிந்தேன்.

நவீன்

ஏற்காடு
23.04.2025

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் இருவருக்கும் உண்டாவதாக. பாஸ்கா முடிந்து மூன்றாம் நாள் உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கைக்கு வந்தன. முதலாவதில் லைட்டு எரிகிறது, இரண்டாவதில் முட்டை செத்துக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே எனக்கு ஐந்து நிமிஷம்தான்.

நான் அப்போதே சொன்னேனே என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

நடந்ததை விடு. அலுமினியக் கேஸை வாங்கு. கட்-ஆஃபை இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் எழுந்து போய் மாட்டு. கேஸை மாட்டிய பிறகு முட்டை வைக்காமல் காலி மிஷினை நாலு நாள் ஓட்டிப் பார். மத்தியானம் கேஸ் மேல் கை வை. சுட வேண்டும். சுட்டால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். இதை நைனாவிடமும் சொல், இல்லாவிட்டால் தோசைக்கல் என்று கழற்றிப் போட்டுவிடுவார்.

பிப்ரவரியில் நான் ஒன்று கேட்டிருந்தேன். நீ இரண்டு கடிதம் எழுதிவிட்டாய். ஃபேனைப் பற்றி எழுதினாய், முட்டியைப் பற்றி எழுதினாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அது எனக்கு வலிக்கிறது.

அக்கா,
அமுதா

செஞ்சி
08.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. அங்கே கம்பளி, இங்கே வியர்க்குரு. ஆண்டவர் பாகம் பிரித்தது சரியில்லை.

கட்-ஆஃப் மாட்டியாயிற்று. நீ சொன்ன அலுமினியக் கேஸும் வந்துவிட்டது, பழைய மாடலுக்கானதேதான், ஒயருக்கும் இடம் இருக்கிறது. பார்சல் வந்தபோது நான் மேல்சித்தாமூரில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் நைனாவே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து மாட்டி முடித்துவிட்டார். நாலு ஸ்க்ரூவும் நேராக, ஒரு கீறல் இல்லாமல். முட்டை செத்ததில் அவருக்கும் பங்கு உண்டென்று மனசில் இருக்கும்போல. வாயால் சொல்ல மாட்டார்.

ஆனால் வேலைக்கு ஆகவில்லை. மூன்று நாளாகக் காலி மிஷினை ஓட்டுகிறேன். மத்தியானம் போர்டு எண்பத்துநாலு காட்டுகிறது. கட்-ஆஃப் ஒவ்வொரு நாளும் பல்பை அணைத்துவிடுகிறது. கேஸ் மேல் கை வைத்தால் சுடவே இல்லை. நைனாவும் வைத்துப் பார்த்து, "நல்லாத்தான இருக்குது, சூடே இல்ல. போனுதான் பொய் சொல்லுது" என்கிறார். யார் பொய் சொல்கிறார்கள்? நீ சொல்கிறவரை முட்டை வைக்கப் போவதில்லை.

நைனா நன்றாக இருக்கிறார். நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தம்பி,
நவீன்

ஏற்காடு
17.05.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம் கேட்டு எழுதியதற்கு நன்றி, நானும் சுகம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன் பொய் சொல்லவில்லை. உள்ளே எண்பத்துநாலு, வெளியே சூடே இல்லை என்றால், உள்ளே இருக்கும் சூடு வெளியே வர வழியில்லாமல் வேகிறது. சிப்புக்கும் கேஸுக்கும் நடுவே ஏதோ தடுக்கிறது. கேஸோடு சின்னதாக, மெத்தென்று, நீல நிறத்தில் சதுரத் துண்டுகள் வந்திருக்கும். சிப் மேல் ஒட்ட வேண்டியவை. அவற்றின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

மாட்டியது நைனா என்று எழுதியிருந்தாய். அவர் உரித்திருக்க மாட்டார். கம்பெனியில் மூன்று வருஷம் போர்டு பார்த்தவள் என்பதால் சொல்லவில்லை, அந்த வீட்டில் பிறந்தவள் என்பதால் சொல்கிறேன். டி.வி. ரிமோட் இன்னும் கவருக்குள்தானே இருக்கிறது? பட்டன் அழுத்தினால் கவர்தான் சரசரக்கும், சேனல் மாறாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த தாளை நான் ஒரு மூலையில் கிள்ளியதற்கு எனக்கு விழுந்த அடி ஞாபகம் இருக்கிறதா? பீரோவைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

கழற்று. இரண்டு பக்கமும் உரி. மறுபடி மாட்டு.

நீ அடுத்த கடிதத்தில் எழுதுவதாகச் சொன்னாய். எழுது. கெட்ட பதிலாக இருந்தாலும் தெரிந்துகொண்டு ஜெபிப்பது எனக்குச் சுலபம்.

அக்கா,
அமுதா

செஞ்சி
06.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். போர்டும் சுகம். நீ சொன்னது சொன்னபடியே இருந்தது.

நைனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் கழற்றினேன். நீலத் துண்டு இரண்டு பக்கமும் தாளோடு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. நகத்தால் கிள்ளி உரித்தேன். "இத்த பிரிக்கணும்னு யாருடா சொன்னா?" என்றார். "அக்கா எழுதியிருக்குது" என்றேன். கடிதத்தைக் கொடு என்று கை நீட்டினார்.

அக்கா, ஏழு வருஷத்தில் உன் கடிதம் எதையும் அவர் கையால் வாங்கியதில்லை. நான் வாசிப்பேன், அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே இரண்டு தடவை படித்தார். ரிமோட்டையும் படித்தார், ஃபிரிட்ஜ் அடியையும் படித்தார். "கவரு இருந்தா புதுசாவே இருக்கும்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

மாட்டி ஓடவிட்டோம். மத்தியானம் கொட்டகைக்குள் முப்பத்தாறு டிகிரி, போர்டு அறுபத்திமூன்றைத் தாண்டவில்லை. நைனா கேஸ் மேல் கை வைத்து வெடுக்கென்று எடுத்தார். "சுடுதுடா!" "சுடணும் நைனா." மறுபடி வைத்துப் பார்த்தார். நேற்று இருநூறு முட்டை வைத்துவிட்டோம்.

இப்போது நீ கேட்டது. உன் பிப்ரவரிக் கடிதத்தை அன்றே அவருக்கு வாசித்தேன். "இன்னா, ஆகஸ்டா?" என்றார். பிறகு, "அவ வந்துடுவாடா. குளிரு அவளுக்கு ஒத்துக்காது" என்றார். ஏழு வருஷமாகச் சொல்வதுதான். உன் கல்யாணத்துக்கு என்று வாங்கிய பீரோவை அதனால்தான் பிரிக்கவில்லை. பிரித்தால் நீ வரமாட்டாய் என்று ஆகிவிடும். ஆகஸ்டில் அங்கே வருகிறேன் என்றும் அவர் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இதை உனக்கு எப்படி எழுதுவது? அதனால் ஃபேனைப் பற்றி எழுதினேன்.

இன்னொன்றும் உண்டு. அம்மா செத்த பிறகு இந்த வீட்டில் பேசுகிற ஆள் நீதான். நீ திரும்பி வர வேண்டும் என்று எனக்கும் இருந்தது. அதையும் நான் எழுதவில்லை.

தம்பி,
நவீன்

ஏற்காடு
16.06.2025

அன்புத் தம்பிக்கு,

இருவருக்கும் என் ஜெபமும் அன்பும். நீ உண்மையை எழுதியதற்கு நன்றி. தாமதமாக வந்தாலும் உண்மை உண்மைதான்.

இனி நைனாவிடம் எதுவும் கேட்காதே. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். வருத்தம் இருக்கிறது. இங்கே நான் சந்தோஷமாக இருப்பதை ஒரே ஒரு தடவை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. பரவாயில்லை, வார்த்தைப்பாட்டை எடுத்துக்கொள்வேன். நாக்கு எழும்பும்.

எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஜூலை நடுவில் கேட்பார்கள். முன் வரிசையில் இரண்டு நாற்காலி சொல்லிவைத்திருக்கிறேன். ஒன்று காலியாக இருந்தாலும் எடுக்க விடமாட்டேன்.

பதினெட்டாம் நாளிலிருந்து முட்டையைத் திருப்பாதே. தண்ணீர்த் தட்டு காயாமல் பார்த்துக்கொள்.

அக்கா,
அமுதா

செஞ்சி
30.06.2025

அன்பு மகள் அமுதாவுக்கு,

நைனா ஆரோக்கியநாதன் எழுதுவது. முட்டிவலி தவிர நான் சுகம். உன் மூக்கடைப்புக்கு நொச்சி இலை கிடைத்தால் ஆவி பிடிக்கவும்.

கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப்போனது. நான் எழுதித் தருகிறேன் என்று நவீன் சொன்னான். வேண்டாம் என்றேன்.

இருநூறு முட்டைக்கு நூற்று அறுபத்தாறு குஞ்சு பொரிந்தது. உன் கம்ப்யூட்டர் பெட்டி நன்றாகச் சுடுகிறது. தினமும் கை வைத்துப் பார்க்கிறேன். அந்தத் தாளை உரிக்காதது என் தப்பு.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து பீரோவைப் பிரித்துவிட்டேன். ஏழு வருஷப் பிளாஸ்டிக், கை வைத்த இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதுசாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே ஈரம் தங்கிக் கீழ்ப்பக்கம் துருப்பிடித்திருக்கிறது. துடைத்து எண்ணெய் போட்டேன். கதவில் ஆள் உயரக் கண்ணாடி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதில் என்னைப் பார்த்தேன். கிழவனாகிவிட்டேன் அமுதா.

உன் கல்யாணத்துக்கு வாங்கியது. வார்த்தைப்பாடுதான் அவளுக்குக் கல்யாணம் என்று ஃபாதர் சொல்கிறார். எனக்கு அது இன்னும் புரியவில்லை. புரிந்த பிறகு வரலாம் என்றால் எனக்கு அவ்வளவு நாள் இல்லை.

என் வேட்டி சட்டையைத் தேய்த்து அந்தப் பீரோவில் முதல் தட்டில் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் பதினான்கு காலை பஸ்ஸில் கிளம்புகிறோம். இரண்டு நாற்காலியும் போடச் சொல்.

இப்படிக்கு,
உன் நைனா